சோழிங்கநல்லூரா, மேடவாக்கமா, நங்கநல்லூரா, தாம்பரமா?

சித்தி மகன் போன வாரம் பாளையங்கோட்டையிலிருந்து அழைத்தான். சென்னைக்குத் தெற்கே சிறுசேரி சிப்காட் தொழிற்பூங்காவில் வேலை கிடைத்துவிட்டது, ஜூன் முதல் வாரம் சேர வேண்டும். "அக்கா, நாவலூரிலேயே வீடு பார்த்துவிடட்டுமா? ஆபீசுக்குப் பத்து நிமிடம்தான்" என்றான். அவனோடு வரப்போகிறவர்கள் மனைவி, ஒன்றாம் வகுப்பில் சேரவேண்டிய மகள், முழங்கால் வலியோடு நடக்கும் சித்தி. "சித்தி என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டேன். "அம்மாவுக்கு என்ன, எங்கே இருந்தாலும் சரிதான்" என்றான்.

அந்தப் பதில் எனக்கு உறுத்தியது. 2013இல் நானும் என் கணவரும் இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் சென்னைக்கு வந்தோம். அதற்குப் பிறகு மூன்று பகுதிகளில் மூன்று வாடகை வீடுகளில் வாழ்ந்துவிட்டோம். நாத்தனார் குடும்பம் சேலையூரில் இருப்பதால் தாம்பரத்தையும் ஓரளவு அறிவேன். தென்சென்னையில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த நான்கு பகுதிகளுக்குள்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அதனால் தம்பிக்குச் சொல்ல நினைத்ததை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகிறவர் வாரநாளில் வீட்டில் விழித்திருப்பது ஐந்து மணி நேரம் இருந்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் அந்த வீட்டிலும் அந்தத் தெருவிலும் இருப்பவர் வேறொருவர்: வயதான தாய், கைக்குழந்தை வைத்திருக்கும் மனைவி, பள்ளி விட்டு மூன்றரை மணிக்கு வரும் பிள்ளை. தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதும் அவர்தான், மழையில் மாட்டிக்கொள்வதும் அவர்தான். ஆனால் வீட்டைத் தேர்ந்தெடுப்பது மட்டும் அலுவலகம் போகிறவராக இருக்கிறார். இது தவறு என்று எனக்குப் புரியப் பத்து ஆண்டுகள் ஆயின.

ஏழாவது மாடியில் ஐந்து ஆண்டுகள்

சோழிங்கநல்லூர் சந்திப்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஏழாவது மாடி. வாடகை 14,000, பராமரிப்புத் தொகை தனியாக 2,500. ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் எல்லோர் வாயிலும் அது ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை)தான். 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா என்ற தகவல் தொழில்நுட்ப வளாகம் திறந்ததிலிருந்து வளர்ந்துகொண்டே போன சாலை அது. என் அலுவலகம் நடக்கும் தூரத்தில் இருந்தது. கணவர் மட்டும் கிண்டிக்குப் போய் வந்தார்.

அந்த வாழ்க்கையின் நன்மைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மின்வெட்டு வந்தால் அரை நிமிடத்தில் ஜெனரேட்டர் ஓடும். இரவு பதினொரு மணிக்கு வேலை முடித்துத் தனியாக வந்தாலும் வாசலில் காவலர் இருப்பார். பக்கத்து வீட்டில் ஒடிசாக்காரர், எதிர்வீட்டில் கோட்டயத்துக்காரர். என்ன சாதி, என்ன சாப்பிடுவீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. மாலை நான்கு மணிக்கு மேல் பால்கனியில் நின்றால் கடற்காற்று வரும். இணைப்புச் சாலையில் இறங்கினால் கிழக்குக் கடற்கரைச் சாலை, அதைத் தாண்டினால் கடல். திருமணமான புதிதில், இருவரும் வேலைக்குப் போகிற நிலையில், எங்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று முதல் மாதம் நாங்கள் கேட்கவில்லை. ஒருநாள் அதிகாலை நான்கரை மணிக்கு விமானத்தைப் பிடிக்கக் கிளம்பியபோதுதான் வாசலில் வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான வீடுகளுக்கும் அன்றாடம் லாரித் தண்ணீர். கடலும் பக்கிங்ஹாம் கால்வாயும் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு. வாளியில் வெள்ளையாகப் படியும், தலைமுடி கொட்டும், குடிக்கக் கேன் தண்ணீர் வாங்க வேண்டும். சோழிங்கநல்லூரும் பெருங்குடியும் 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தன. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனோடு 2013இல் வந்தது. பதினைந்து கோடி லிட்டருக்கு இன்னொன்று 2024இல் வந்தது. அப்படியும் இந்தச் சாலையில் லாரியை நம்பியிருக்கும் குடியிருப்புகள் இன்னும் நிறைய. நாவலூர், சிறுசேரி, தாழம்பூர் எல்லாம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பவை. அங்கே வீடு பார்க்கிறவர் நீச்சல் குளத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் பார்ப்பதற்கு முன்னால், தண்ணீர்க் கணக்கைப் பராமரிப்பு அலுவலகத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். மாதத்துக்கு எத்தனை லாரி, கோடையில் எத்தனை, செலவை யார் தருகிறார்கள் என்று எழுதி வைத்திருப்பார்கள்.

2015 நவம்பரில் என் மாமியார் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து தங்கினார். டிசம்பர் முதல் தேதி பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை, ஏழாவது மாடி அல்லவா? ஆனால் மின்சாரம் போனது, ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தது, லிஃப்ட் நின்றது, கீழே கார்கள் மிதந்தன. ஐந்து நாள் அவர் கீழே இறங்கவில்லை. நானும் கணவரும் கீழிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தோம். வெள்ளம் வடிந்த பிறகு அவர் ஊருக்குக் கிளம்பினார். மழையைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. "இங்கே வந்து நாற்பது நாளாகிறது. கீரைக்காரி ஒருத்தி கூவிக்கொண்டு போகிற சத்தம் ஒருநாளும் கேட்கவில்லையே அம்மா" என்றார். அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். காய் வாங்க, கோயிலுக்குப் போக, செருப்புத் தைக்க, எதற்கென்றாலும் வாகனம் பறக்கும் ஆறுவழிச் சாலையைக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டோ வைக்க வேண்டும். அறுபத்தைந்து வயதுக்காரர் தன் காலால் போய்வரக்கூடிய இடம் என்று அங்கே எதுவுமே இல்லை.

சதுப்பு நிலத்தின் ஓரத்தில்

மகள் பிறந்த பிறகு தெருவும் கடையும் உள்ள இடம் வேண்டும் என்று தோன்றியது. 2018இல் மேடவாக்கத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் இடையே ஒரு தனி வீட்டின் முதல் மாடிக்குப் போனோம். வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு, பராமரிப்புத் தொகை கிடையாது. காய்கறிக் கடை, மருந்துக் கடை, மாவுக் கடை, குழந்தை மருத்துவர், எல்லாம் ஐந்து நிமிட நடையில். சோழிங்கநல்லூருக்கு நேராக ஒரு சாலை, தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் ஒரு சாலை. வரைபடத்தில் பார்த்தால் எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிற ஊர் அது. அதனாலேயே எல்லோருடைய வண்டியும் அந்தச் சந்திப்பில் வந்து சேரும். மேம்பாலம் வந்த பிறகு ஓரளவு மூச்சு விடுகிறது.

ஆனால் தென்சென்னையில் வீடு பார்க்கிறவர்கள் சாலை வரைபடத்தைப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது, தண்ணீர் ஓடும் வரைபடத்தையும் பார்க்க வேண்டும். சேலையூர், மாடம்பாக்கம், நன்மங்கலம், மடிப்பாக்கம், வேளச்சேரி என்று சுற்றிலும் ஏரிகள். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு என்று ஓடி, கடைசியில் அந்தத் தண்ணீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வந்து விழ வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய் முட்டுக்காட்டில் கடலில் கலக்க வேண்டும். இத்தனை ஏரித் தண்ணீருக்கும் வாசல் அந்த ஒரு மடுவுதான். சதுப்பு நிலத்தில் 1,247 ஹெக்டேர் 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் அது இதைப்போலப் பல மடங்கு பரந்து கிடந்தது. குறைந்துபோன இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று கேட்டால், சாலைகளும் நிறுவனங்களும் பெருங்குடிக் குப்பைமேடும் எங்களைப் போன்றவர்கள் குடியிருந்த தெருக்களும் இருக்கின்றன. தண்ணீருக்கு அந்த இடம் இன்னும் தன்னுடையதுதான். நாம் பத்திரம் பதிந்துவிட்டோம் என்பது அதற்குத் தெரியாது.

முதலில் வந்தது வறட்சி. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணறு மே மாதமே காற்றை இழுத்தது. லாரிக்குப் பதிவு செய்துவிட்டு இருபது நாள் காத்திருந்தோம். பெரிய குடியிருப்பு என்றால் நூறு வீடுகள் சேர்ந்து ஒப்பந்தம் பேசி லாரியை வரவழைத்துக்கொள்ளும். தனி வீட்டுக்கு அந்தப் பலம் கிடையாது. பாத்திரம் கழுவிய தண்ணீரில் வீடு துடைத்தோம்.

பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மூன்றாம் தேதி இரவு தொடங்கிய மழை மறுநாள் முழுக்க நிற்கவில்லை. கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அந்த வீட்டுப் பெரியவரையும் அவர் மனைவியையும் மேலே எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டோம். குளிர்சாதனப்பெட்டி மிதந்து கதவை இடிக்கும் சத்தம் இரவெல்லாம் கேட்டது. அவர்கள் நாற்பது வருடப் புகைப்படங்களை இழந்தார்கள். எங்களுக்குப் போனது ஒரு ஸ்கூட்டர் மட்டும். அப்படியிருந்தும், மழை பெய்யத் தொடங்கினால் படிக்கட்டில் போய் நின்று தண்ணீர் எத்தனையாவது படியில் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் என் மகளுக்கு வந்துவிட்டது. எட்டு வயதுகூட நிரம்பாத பிள்ளை. அதைப் பார்த்த பிறகுதான் அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்தோம்.

மேடவாக்கம் முழுவதும் இப்படி என்று சொல்லவில்லை. மேடான தெருக்கள் அங்கேயும் இருக்கின்றன, நாங்கள் பார்க்காமல் போனோம். வீடு பார்க்கப் போன ஏப்ரல் மாதத்தில் எல்லாத் தெருவும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

"நீங்கள் சைவமா?"

2024இல் மாமனார் காலமான பிறகு மாமியார் எங்களோடு நிரந்தரமாக வந்தார். இந்த முறை அவரையும் அழைத்துக்கொண்டுதான் வீடு பார்த்தோம். நங்கநல்லூரை அவர்தான் தேர்ந்தெடுத்தார் என்றே சொல்லலாம். தெருவில் இறங்கி இரண்டு நிமிடம் நின்றார். பூக்காரர் போனார், இஸ்திரி வண்டி நின்றது, எதிர்வீட்டுத் திண்ணையில் தன் வயதில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். "இங்கே பார்" என்று சொல்லிவிட்டார்.

ஆனால் வீடு எளிதில் கிடைக்கவில்லை. ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் மனை வாங்கிக் கட்டிக் குடியேறிய ஊர் அது. முப்பத்திரண்டு அடி ஆஞ்சநேயர் கோயிலைச் சுற்றி நிறையக் கோயில்கள். தரகரின் முதல் கேள்வியே "நீங்கள் சைவமா?" என்பதுதான். நாங்கள் இல்லை. ஐந்து வீடுகளில் அதோடு பேச்சு முடிந்தது. இரண்டு இடத்தில் சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று சுற்றி வளைத்து வேறொன்றைக் கேட்டார்கள்; எதைக் கேட்கிறார்கள் என்று நமக்கா தெரியாது? முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. என் அலுவலகத் தோழி ஒருவருக்கு, முஸ்லிம் என்பதாலும் தனியாக இருக்கும் பெண் என்பதாலும், இதைவிட அதிகமான கதவுகள் மூடின. வீடு தேடுவதைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. ஓ.எம்.ஆர். குடியிருப்புகளின் பக்கம் தராசு சாய்கிற இடம் இதுதான்.

கடைசியில் ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் கேட்டது, "தண்ணீரை வீணாக்க மாட்டீர்களே?" என்று மட்டும். வாடகை 24,000. மேடவாக்கத்தில் கடைசியாகக் கொடுத்ததைவிட ஏழாயிரம் அதிகம். வீடு பழையது, சமையலறை சிறியது, கார் நிறுத்த இடமில்லை, மீனம்பாக்கம் பக்கம் என்பதால் விமானச் சத்தம் கேட்கும். என் அலுவலகம் தூரமாகிவிட்டது. மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை வழியாகப் பல்லாவரம்–துரைப்பாக்கம் இருநூறடிச் சாலையைப் பிடித்து ஓ.எம்.ஆருக்குப் போக ஐம்பது நிமிடம், மழையென்றால் ஒன்றேகால் மணி நேரம்.

இத்தனையையும் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. குழாயில் குடிநீர் வாரியத் தண்ணீர் வருகிறது, கிணற்றிலும் தண்ணீர் இருக்கிறது. பழவந்தாங்கல் ரயில் நிலையம் ஒரு பக்கம், மெட்ரோ மறுபக்கம்; கணவர் கிண்டிக்குப் போக இருபது நிமிடம். மாமியார் காலையில் கோயிலுக்கு நடக்கிறார், மாலையில் காய் வாங்குகிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், தோழிகளோடு மயிலாப்பூர்வரை போய்வருகிறார். யாரையும் எதிர்பார்க்காமல் அவர் வெளியே போய்த் திரும்புவதைப் பார்க்கும்போது, என் ஐம்பது நிமிடப் பயணம் எனக்குக் கனக்கவில்லை.

நங்கநல்லூரிலும் தாழ்ந்த தெருக்கள் உண்டு. பழவந்தாங்கல் சுரங்கப்பாதை மழைக்கு முதலில் நிரம்புகிற இடங்களில் ஒன்று. மடிப்பாக்கத்தை ஒட்டிய பக்கம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஊருக்குப் போகும் வழியில்

தாம்பரத்தின் பெரிய பலம் ரயில். கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931இலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. ஐந்து ரூபாயில் தொடங்கும் டிக்கெட், மழையிலும் பெரும்பாலும் ஓடும் வண்டி. தென்மாவட்ட ரயில்களுக்கு எழும்பூர்வரை போக வேண்டியதில்லை, தாம்பரத்திலேயே ஏறலாம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தெற்கே போகும் பேருந்துகளும் பக்கத்தில் வந்துவிட்டன. சென்னை நகருக்குள் இருப்பவர்கள் கிளாம்பாக்கம் தூரம் என்று வருந்துகிறார்கள். தாம்பரத்துக்காரர்களுக்கு அது வசதி. மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு இதன் அருமை தெரியும். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நாத்தனாரின் மாமனார் முழங்காலுக்கு அங்கேதான் போகிறார்.

தாம்பரம் என்றாலும் கிழக்கும் மேற்கும் வேறு வேறு. மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்றின் போக்கில் இருப்பவை. 2015இல் படகு விட்ட இடங்கள், 2023இலும் தப்பவில்லை. அங்கே வீடு புதிதாக, பெரிதாக, வாடகை குறைவாகக் கிடைக்கும். ஏன் குறைவு என்று கேட்டால் தரகர் சொல்ல மாட்டார். கிழக்கே சேலையூரில் நாத்தனார் வீடு இருக்கும் தெரு இரண்டு வெள்ளத்திலும் நனையவில்லை. ஏரியை ஒட்டிய தெருக்களைத் தவிர்த்தால் நம்பி இருக்கலாம்.

சோழிங்கநல்லூரில் வேலை என்றால் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் நெரிசலைத் தாண்டித்தான் போக வேண்டும், அது தினமும் பெரும் பாடு. சிறுசேரி என்றால் கணக்கு வேறு. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மாம்பாக்கம் வழியாகப் போய்விடலாம். கம்பெனி பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று வேலையில் சேர்வதற்கு முன்பே கேட்டு, அதை மனத்தில் வைத்து வீடு பாருங்கள். என் அனுபவத்தில், சொந்த வண்டியில் ஒரு மணி நேரம் ஓட்டுவதைவிடக் கம்பெனி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தூங்கிக்கொண்டு போவது உடம்புக்கு நல்லது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் திருவான்மியூர். டைடல் பக்கம், கடல் பக்கம், கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலும் உண்டு. வேலை பாரிமுனையிலோ அம்பத்தூரிலோ என்றால் இந்தத் தெற்கு ஊர்களை மறந்துவிட்டுப் பெரம்பூர், வில்லிவாக்கம், கொளத்தூர் பாருங்கள். 1955இல் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்த காலத்திலிருந்து பல மாநிலத்தாரும் சேர்ந்து வாழ்ந்து பழகிய பகுதி. வடசென்னை என்றாலே முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் அங்கே போய்ப் பார்க்காதவர்கள்.

மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லி ஓ.எம்.ஆரிலும் மேடவாக்கத்திலும் வாடகையை ஏற்றுகிறார்கள். இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிப்காட் தடமும் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடமும் அந்தப் பக்கம் வருவது உண்மை. வேலை நடந்துகொண்டிருக்கிறது, சாலையும் தோண்டிக் கிடக்கிறது. ஓடத் தொடங்கிய பிறகு கூடுதல் வாடகை கொடுக்கலாம். ஓடாத ரயிலுக்கு இப்போதே டிக்கெட் எடுக்க வேண்டாம்.

வாசலில் நின்று கேட்க வேண்டியவை

தெருவுக்குள் நுழைந்ததும் வீட்டைப் பார்க்காதீர்கள், சுவர்களைப் பாருங்கள். வெள்ளம் வந்துபோன தெருவில் வண்ணம் எத்தனை முறை அடித்தாலும் ஒரு மட்டத்துக்குக் கீழே பூச்சு உப்பியிருக்கும். சாலை மேல் சாலையாகத் தார் போட்டுப் போட்டு, பழைய வீடுகள் பல சாலையைவிடப் பள்ளத்தில் இருக்கின்றன. வாசலில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும் என்றால், எவ்வளவு அழகான வீடாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். தெருவின் பெயரையும் படியுங்கள். ஏரி, தாங்கல், மடுவு, கால்வாய் என்று எதுவாவது அதில் இருந்தால், நம் முன்னோர் காரணமில்லாமல் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். தாங்கல் என்பதே சிறிய ஏரிக்கான சொல்தான். பிறகு இஸ்திரிக்காரரிடமோ ஆட்டோ நிறுத்தத்திலோ, "2015இல் எதுவரை வந்தது? 2023இல் எதுவரை?" என்று கேளுங்கள். முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார்கள். வீட்டுக்காரர்களும் தரகர்களும் சொல்லாத உண்மையை எனக்கு இவர்கள் ஒருமுறைகூட மறைத்ததில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, சென்னையின் பழைய வழக்கம் பத்து மாத முன்பணம். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அதனால் கையெழுத்திடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். நாங்கள் ஐந்து மாதத்துக்குக் கொண்டுவந்தோம். காலி செய்யும்போது வண்ணம் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள், அதையும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மின்சாரத்துக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம் உங்களுக்கு வரும். ஒரே இணைப்பில் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற வீட்டில் அது உங்கள் கைக்கு வராது.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். நாவலூர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவனும் மனைவியும் மட்டும் வருவதாக இருந்தால் நானே அங்கே பார்த்துக் கொடுத்திருப்பேன். மேடவாக்கம் அவனுக்கு எந்த வகையிலும் பொருந்தாது. நங்கநல்லூரிலிருந்து சிறுசேரி மிகத் தூரம். என் கணக்கில் சேலையூர்தான் வருகிறது. சித்தி வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறார்கள், சனிக்கிழமை காலை தாம்பரத்தில் நான் போய் அழைத்துக்கொள்கிறேன். சேலையூரில் இரண்டு வீடு, நாவலூரில் லிஃப்ட் உள்ள குடியிருப்பில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். மூன்றிலும் படியேறி, தெருவில் கொஞ்சம் நடந்து பார்த்துவிட்டு அவர்கள் சொல்லட்டும். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.